டீசலுக்கு ஒரு ஜமக்காளம்

தீயை அணைத்தவனுக்குப் பதக்கம் உண்டு. தீப்பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத பரணில் எடுத்து வைத்தவனுக்கு, “தீப்பெட்டியை எங்கே கொண்டுபோய்த் தொலைச்சீங்க?” என்ற அர்ச்சனைதான் உண்டு. வருமுன் காக்காதவனின் கதி என்ன என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருமுன் காத்து, காத்த காரணத்தாலேயே அது வராமல் போய், “அதான் வரவே இல்லையே, எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று வீட்டில் கேலிக்கு ஆளானவனின் கதியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அந்தப் பாட்டை நான் சொல்கிறேன்.

நான் காத்தது டீசலை. காத்த இடம் லடாக்கில் உள்ள லே.

என் மனைவி வங்கி அதிகாரி. லேவுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது அதில் அவள் பெயரும் ஊழியர் எண்ணும் இருந்தன. நானும் எங்கள் மகளும் ‘வீட்டுச் சாமான்கள்’ என்ற தலைப்பின் கீழ் வந்தோம். எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் மெய்ப்புத் திருத்தும் வேலை. எங்கே தப்பு வரும் என்று முன்கூட்டியே சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவனைக் கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில், குளிர்காலம் நெருங்கும் நேரத்தில், ஒரு பழைய டீசல் ஜீப்போடு தனியாக விட்டால் என்ன ஆகும் என்று வங்கித் தலைமையகம் யோசித்திருக்க வேண்டும்.

சண்டிகரில் அந்த ஜீப்பை வாங்கி, மணாலி வழியாகச் செப்டம்பர் கடைசியில் மலையேறினோம். ஓட்டியது அவள். பலகைகளைப் படித்தது நான். லாஹுல் பள்ளத்தாக்கில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் புகழ்பெற்ற பலகை ஒன்று உண்டு: அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில். அதைப் படித்ததும் என் அடிவயிற்றில் ஏதோ செய்தது. டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னேன். ஒரு கேனிலும் பிடித்துக்கொண்டேன். எல்லாம் சாதாரண டீசல். வெயில் காய்ந்துகொண்டிருந்த அந்த மத்தியானத்தில் டீசலுக்கும் குளிருக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையின் கடைசி நிம்மதியான மத்தியானம் அதுதான்.

லே கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நான் கேட்காமலே என் கண்ணைத் திறந்தார். “நவம்பர் வரட்டும் சாப், கீழேர்ந்து கொண்டுவந்த தேல் ஜம் ஜாயேகா.” உறைந்துவிடுமாம். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் குடிக்காமல் வீட்டுக்கு ஓடிவந்து படிக்க ஆரம்பித்தேன்.

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். டீசலுக்குள் பாரஃபின் என்ற மெழுகு கரைந்திருக்கிறது. சூடு இருக்கும்வரை அது இருக்கும் இடம் தெரியாது. குளிர ஆரம்பித்தால் மூன்று கட்டமாக வெளியே வரும். முதலில் டீசல் கலங்கும். கண்ணாடியில் பிடித்துப் பார்த்தால் மங்கல் தெரியும். அடுத்து, மெழுகின் தட்டைத் தட்டையான துணுக்குகள் வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். டீசல் வடிகட்டியின் கண்கள் சில மைக்ரான்தான். அங்கே அடைத்தால் எஞ்சினுக்குப் பட்டினி. கடைசிக் கட்டத்தில் டேங்க்கைக் கவிழ்த்தாலும் டீசல் ஒழுகாது. வண்டி நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்திலேயே. டேங்க்கில் டீசல் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும், எஞ்சின் மட்டும் செத்திருக்கும்.

இதில் வேடிக்கை, மெழுகு கலப்படச் சரக்கு அல்ல. டீசல் தீப்பொறி இல்லாமல், அழுத்தத்திலேயே சட்டென்று பற்றி எரிவதற்கு அந்தப் பாரஃபின்தான் பெரிய காரணம். “பாத்தியா, எவன்கிட்ட நல்ல சரக்கு இருக்கோ அவன்தான் குளிர்ல முதல்ல உறைஞ்சுபோவான்” என்று கம்பளிக்குள்ளிருந்து மனைவியிடம் சொன்னேன். டீசலைப் பொறுத்தவரை அவள் ஒப்புக்கொண்டாள்.

இந்தியத் தர விதியையும் விடவில்லை. ஐ.எஸ். 1460-இன்படி, வடிகட்டியை அடைக்கும் வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி வரையிலும், சமவெளிக் குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரையிலும் இருக்கலாம். அதாவது, கோடையில் விற்கும் டீசல் 18 டிகிரியிலேயே மக்கர் பண்ணச் சட்டப்படி உரிமை பெற்றது. சென்னையில் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள அதற்கு அபூர்வமாகத்தான் வாய்ப்புக் கிடைக்கும். லேயில் ஜனவரி இரவு மைனஸ் 15 சாதாரணம். நான் கணக்குப் போட்டேன். 33 டிகிரி உதைத்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். பெட்ரோலுக்கு இந்த வம்பே கிடையாது.

ஊரில் எல்லோரிடமும் யோசனை கேட்டேன். யோசனை சொல்வதில் லடாக்கும் தஞ்சாவூரும் ஒன்றுதான்.

லாரி ஓட்டுநர் தன் வித்தையைச் சொன்னார்: விடியற்காலையில் டேங்க்குக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைக்க வேண்டும். ஸ்டவ் இல்லையென்றால் குச்சியில் சாக்கைச் சுற்றிக் கொளுத்திக் காட்ட வேண்டும். இமயமலைச் சாலைகளில் காலங்காலமாக நடக்கும் வைத்தியம் இது. நான் கேட்டேன், “ஆபத்து இல்லையா?” அவர் சொன்னார், “இதுவரைக்கும் நான் உயிரோடதானே இருக்கேன்?” இந்தத் தர்க்கத்தில் மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஒரு பிழை தென்பட்டது. உயிரோடு இல்லாதவர்கள் டீக்கடைக்கு வந்து யோசனை சொல்வதில்லை.

மெக்கானிக் மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னார். தத்துவம் சரிதான். மண்ணெண்ணெயில் அந்த நீளச் சங்கிலி மெழுகு குறைவு. கலந்தால் டீசல் கலங்கும் புள்ளி கீழே இறங்கும். ஆனால் டீசல் பம்ப்புக்கு வழுவழுப்பைக் கொடுப்பது டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது. உறையாத டீசலும் தேய்ந்த பம்ப்பும் மிஞ்சும். புதிய வண்டியாக இருந்தால் புகைபோக்கிக்குள் இருக்கும் சுத்திகரிப்புச் சாதனமும் கந்தகத்தால் கெடும். தவிர, ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பதே இப்படி ஊற்றுகிறவனைப் பிடிக்கத்தான். வங்கி அதிகாரியின் கணவன் நீலக் கையோடு பிடிபட்டால் வங்கிக்கு என்ன மரியாதை?

அடுத்து, மருந்து. உறைவதைத் தடுக்க டீசலில் ஊற்றும் திரவம் பாட்டிலில் கிடைக்கிறது. அது மெழுகைக் கரைத்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கரைக்காது. மெழுகு பெரிய தட்டுகளாக வளராமல் பொடிப்பொடித் துணுக்குகளாகவே இருக்கும்படி செய்யும். பொடி வடிகட்டிக்குள் நுழைந்து போய்விடும். டீசல் கலங்குவதற்கு முன்பே, சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும். உறைந்தபின் ஊற்றுவது வீண்.

‘முன்பே’ என்ற சொல் எனக்குத் தேன். டெல்லியிலிருந்து விமானத்தில் வரவிருந்த மச்சினனிடம் நாலு பாட்டில் வாங்கிவரச் சொன்னேன். எளிதில் தீப்பற்றும் திரவத்தை விமானத்தில் விடமாட்டார்கள் என்று எல்லாம் படித்த எனக்குத் தெரியாமல் போனது. விமான நிலையத்தில் நாலு பாட்டிலையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அவனை அரை மணி நேரம் விசாரித்தார்களாம். “யாருக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டாங்க. எங்க அக்கா வீட்டுக்காரருக்குன்னு சொன்னேன். அவர் என்ன பண்றார்னு கேட்டாங்க. அதுக்குத்தான் மாமா என்னால பதில் சொல்ல முடியல” என்றான்.

கடைசியாக, கடைத்தெருவில் பழக்கமான வேலூர்க்காரர், ராணுவ வண்டி ஓட்டும் ஹவில்தார். இவரிடம் பெரிய ரகசியம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். “ஒண்ணும் இல்ல சார். டேங்க்க எப்பவும் ஃபுல்லா வைங்க, காலி இடத்துலதான் ஈரம் வேர்த்து தண்ணியாவும், அந்தத் தண்ணி மொதல்ல உறையும். ஃபில்டர்ல தேங்குற தண்ணிய அப்பப்ப தொறந்து விட்டுடுங்க. காலைல வெயில் விழுற எடமா பாத்து நிறுத்துங்க. பங்க்ல குளிர்கால டீசல் போடுங்க. அவ்ளோதான்.”

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இத்தனை சுலபமானதை எப்படி நம்புவது?

ஆகவே அவர் சொன்னதையெல்லாம் செய்தேன், சொல்லாததையும் செய்தேன். வடக்கே இருந்து காற்று வருகிறது என்று ஜீப்பைச் சுற்றித் தகரத்தடுப்பு கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் அந்தப் பத்தியைப் படித்தேன்: காற்று டீசலைச் சீக்கிரம் குளிரவைக்கும், ஆனால் சுற்றுப்புறத்து வெப்பநிலைக்குக் கீழே ஒரு புள்ளிகூட இறக்காது, ‘காற்றடிக்கும் குளிர்’ என்பதெல்லாம் தோலுக்குத்தான். தகரம் அடித்துக்கொண்டே இருந்ததால், அதுவரை டீசல் ஒருவனுக்கு மட்டும் கெடுத்துக்கொண்டிருந்த தூக்கம் தெருவுக்கே பொதுவாயிற்று.

பிறகு சோதனைப் பாட்டில். டேங்க்கிலிருந்து கொஞ்சம் டீசலை உறிஞ்சிக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, வெளித் திண்ணைமேல் வைத்தேன். விடியற்காலையில் கலங்கியிருந்தால் எச்சரிக்கை. தினமும் இருட்டோடு எழுந்து, குல்லாய் மாட்டி, டார்ச்சோடு போய், பாட்டிலுக்கு முன் குனிந்து, சில நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திரும்புவேன். வீட்டுக்கார அம்மாள், ஊரே ‘அமா-லே’ என்று அழைக்கும் லடாக்கி மூதாட்டி, மாடி ஜன்னலிலிருந்து இதைச் சில நாள் கவனித்தார். ஒருநாள் நான் போனபோது பாட்டிலைச் சுற்றிப் புகை. அவர்கள் வழிபாட்டில் எரிக்கும் ஷுக்பா இலையைத் தணலில் போட்டு, பக்தியோடு என் டீசலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தென்னாட்டுச் சாமி என்று நினைத்துவிட்டார். எனக்கு இருந்த இந்தியில் விளக்கினால் இன்னும் பெரிய சாமியாகிவிடும் என்று பயந்து, கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். பாட்டிலில் இறுக மூடியிருந்த கடவுளுக்கு அந்தத் தணலால் ஒன்றும் ஆகவில்லை.

பிறகுதான் ஜமக்காளம். பவானியில் நெய்தது, மனைவிக்குச் சீதனமாக வந்தது. இரவில் அதை ஜீப்பின் பானெட்டிலிருந்து டேங்க்வரை போர்த்தி, கயிறு போட்டுக் கட்டினேன். அன்றைக்கு அமா-லே மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். என்ன செய்கிறாய் என்றார். வண்டிக்குக் குளிரும் என்றேன். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்கு உடம்புல சூடு இருக்கா?”

“இல்லை.”

“கம்பளம் சூடு குடுக்குமா, இருக்கற சூட்டைக் காக்குமா?”

“காக்கும்.”

“அப்ப உள்ள இருக்கற பொண்ணு மேல போத்து.”

வெப்ப இயற்பியலை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் நடத்தியதில்லை. ராத்திரி முழுக்க அணைந்து கிடக்கும் வண்டி, எதைப் போர்த்தினாலும், விடிவதற்குள் வெளிக் குளிருக்குச் சமமாகிவிடும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் ‘கொஞ்சம்’ என் மனத்தில் பிடித்துக்கொண்டது. ஜமக்காளம் ஜீப்பிலேயே இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில், சோஜி லா கணவாய் மூடுவதற்கு முன், எதிர் வீட்டுக்கு ஜம்முவிலிருந்து ஒரு விருந்தாளி டீசல் காரில் வந்தார். மறுநாள் காலை அது கிளம்பவில்லை. சாவி திருகும் சத்தம் கேட்டதும் என்னைப் பிடிக்க முடியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பிறர் துன்பத்தில் மகிழக் கூடாதுதான். ஆனால் அந்தத் துன்பத்தைப் பற்றி இரண்டு மாதம் படித்தவனுக்குக் கொஞ்சம் சலுகை வேண்டாமா? பாரஃபினில் ஆரம்பித்தேன். வடிகட்டி, மைக்ரான், ஐ.எஸ். 1460 என்று போனேன். ருடால்ஃப் டீசல் 1897-இல் எஞ்சினை ஓட்டிக்காட்டியதையும், 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியதையும், பாரிஸ் என்பதால் பிழைத்தது, லேயாக இருந்தால் கடலை எண்ணெய் கட்டியாகி மானம் போயிருக்கும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, டாக்ஸி ஓட்டும் அமா-லேயின் மகன் ஒரு கெட்டில் வெந்நீரோடு வந்தான். வடிகட்டியின் மேல் மெதுவாக ஊற்றினான். நாலு பேரை விட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினான். புது வடிகட்டி மாட்டினான். மத்தியானம் கார் உறுமியது. மெழுகுக்குச் சூடு பட்டால் பழையபடி கரைந்துவிடும், அவ்வளவுதான். விருந்தாளி அவனுக்குக் கை கொடுத்தார். என்னிடம், “நீங்க வாத்தியாரா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன்: “நம்ம ஜீப்புக்கும் இந்தக் கதி வந்திருக்கும். நான் இருக்கேனோ, பிழைச்சுது.”

அவள் கணக்கு நோட்டிலிருந்து நிமிரவில்லை. “நம்ம ஜீப்ல நான் போடறது குளிர்கால டீசல்ங்க. அக்டோபர்லேர்ந்தே.”

விஷயம் எனக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் லடாக்வாசிகளுக்கு டீசல் உறைவது ஆண்டுதோறும் வரும் தொல்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லே, கார்கில், காஸா, கீலாங் போன்ற இடங்களுக்கென்று தனி டீசலை இறக்கியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. 5 சதவீதம் பயோடீசல் கலந்தது. மைனஸ் 33 டிகிரி வரை ஒழுகும். டீக்கடை லாரி ஓட்டுநர் “கீழேர்ந்து கொண்டுவந்த தேல்” என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். என் காதில் ‘ஜம்’ மட்டும் விழுந்திருந்தது.

ஆனால் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் அவ்வளவு சீக்கிரம் விடுவானா?

“சரி, தாண்டியில போட்ட பழைய டீசல்?”

“அது எப்பவோ தீர்ந்துபோச்சு. தினமும் பேங்க்குக்கு ஓட்டறேனே.”

“டேங்க் அடியில கொஞ்சம் தங்கியிருக்கும். எப்பவும் ஃபுல்லா வைக்கிறோம், முழுசா காலியாகவே இல்ல. அது கலந்துகிட்டேதான் இருக்கும்.”

“எவ்வளவு தங்கியிருக்கும்?”

ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பழையது எத்தனை பங்காகக் குறைகிறது என்று காகிதத்தில் போட்டேன். விடை ஒரு கரண்டிக்கும் கீழே வந்தது. காகிதத்தை அவளிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். “கேன்ல இருந்தது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “அதை அமா-லே மகன் நவம்பர்லயே வாங்கிட்டுப் போயி ஜெனரேட்டருக்கு ஊத்திட்டான்” என்றாள். நான் வாரக்கணக்கில் காவல் காத்தது காலிக் கேனை.

ஜனவரியில் அந்த இரவும் வந்தது. வெப்பமானி மைனஸ் 20-ஐத் தொட்டது. காலையில் எழுந்து வீட்டைப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் கல். கடலை எண்ணெய் கல். நெய்யைக் கத்தியால் வெட்ட வேண்டியிருந்தது. முட்டைகள் வெடித்திருந்தன. பேனா எழுதவில்லை. பற்பசை வரவில்லை. தண்ணீர்க் குழாய் கூடத்திலிருந்து குளியலறைவரை உறைந்து, ஓரிடத்தில் விரிசலும் விட்டிருந்தது. புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் மனைவியும் மகளும் ஒரே கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தார்கள். வீட்டில் உறையாமல் இருந்தது ஜீப்பில் இருந்த டீசல் ஒன்றுதான்.

அது ஜமக்காளத்துக்குள் இருந்தது.

மனைவி கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள், கயிற்றை அவிழ்த்தாள், சாவியைத் திருகினாள். முதல் திருகலில் ஜீப் கிளம்பியது. உண்மையைச் சொன்னால் எனக்குள் ஒரு சின்ன வருத்தம். கொஞ்சம் இருமியிருக்கலாம். ஒரு தடவையாவது மக்கர் பண்ணி, ஒரு மெழுகுத் துணுக்கைக் காட்டி, நான் இத்தனை நாள் எதற்காக விழித்தேன் என்று அவளுக்குப் புரியவைத்திருக்கலாம். நன்றி கெட்ட டீசல்.

“பாத்தியா, முதல் திருகல்லயே!” என்று திண்ணையிலிருந்து கத்தினேன்.

“நீங்க ஒண்ணுமே பண்ணாம இருந்தா?”

“பண்ணாம இருந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க முடியாது. ஏன்னா பண்ணிட்டேன்.”

“அப்ப அடுத்த குளிர்காலத்துல பண்ணாம இருந்து பாருங்க.” அவள் ஜன்னலை இறக்கினாள். “டீசலை நான் பாத்துக்கறேன். பங்க்ல போட்டா முடிஞ்சுது. உங்களுக்கு வேணும்னா தண்ணிக் குழாய் இருக்கு. அதை இந்த வீட்ல யாரும் கவனிக்கல.”

வங்கியில் பெரிய கடனைச் சின்னக் கடனாக மாற்றிக் கொடுக்கும் சாமர்த்தியம் அது. மாட்டிக்கொண்டேன். அன்று மாலைக்குள் தண்ணீரைப் பற்றிப் படித்து முடித்தேன். டீசலைவிட அபாயமானது. உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும்; எந்த இரும்புக் குழாயும் தாங்காது. இதற்குத் தர விதியும் கிடையாது, குளிர்காலத் தண்ணீர் என்று பானிபட்டில் யாரும் தயாரிப்பதும் கிடையாது. இப்போதே ஆரம்பித்தால்தான் உண்டு.

குழாயின் நீளத்தை அளக்க நாடாவோடு வெளியே போனேன். அமா-லே மாடி ஜன்னலில் இருந்தார். நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கி வந்து, பேச்சே இல்லாமல், ஜீப்பின் மேல் கிடந்த ஜமக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்குள் போய் மனைவியின் பீரோவில் வைத்து, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார்.